108 போதுமா, 150 வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் எதைச் சொன்னால் குற்றம் என்று வகுக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே கிரிக்கெட், ஜோதிடம், தேங்காய் விலை எல்லாவற்றையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதுவே. பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது அது நியாயமான முன்ஜாக்கிரதைதான். ஊர் மட்டும் போடுகிறேன்.

கொக்குவில்: ஐயா, ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது என்பதே வாக்கெடுப்பு முடிந்து இரவுச் செய்தி பார்க்கும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. முன்கூட்டியே அறிய வழி இல்லையா?

வழி இருக்கிறது, யாரும் அதை ஒளித்து வைக்கவும் இல்லை. ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும், அது உங்களைத் தேடி வராது. எந்தச் சட்டமூலமும் முதலில் வர்த்தமானியில், இரண்டாம் பகுதியின் குறைநிரப்பியாக வெளிவர வேண்டும். அதன் பிறகுதான் சபையின் நிகழ்ச்சி நிரலான பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும், அமைச்சர் சபையில் சமர்ப்பிப்பார். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது 2023 செப்டெம்பர் நடுப்பகுதியில். அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் திரான் அலஸ் அதைச் சபையில் வைத்தது ஒக்டோபர் 3ஆம் திகதி. நீங்கள் செய்தியில் பார்த்த வாக்கெடுப்பு நடந்தது 2024 ஜனவரி 24ஆம் திகதி. கணக்குப் பாருங்கள், இடையில் நான்கு மாதம் கிடந்திருக்கிறது.

ஆனால் அந்த நான்கு மாதமும் ஒரே எடை கொண்டதல்ல, இதுதான் நான் சொல்ல விரும்புவது. சபையில் வைத்த நாளிலிருந்து எண்ணி ஓரிரு வாரங்கள் மட்டுமே ஒரு சாதாரண குடிமகனுக்கு உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கும். அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின்படி எந்தக் குடிமகனும் மனுப் போடலாம், சட்டத்தரணியாகவோ எம்.பி.யாகவோ இருக்கத் தேவையில்லை. மனு வந்தால் மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதவு மூடிய பிறகு நீங்கள் கட்டுரை எழுதலாம், ஊர்வலம் போகலாம், முகநூலில் திட்டலாம் (அதையும் சட்டம் வருமுன் திட்டி முடிப்பது நல்லது), ஆனால் சட்டமூலத்தின் ஒரு வரியையாவது நீதிமன்றம் மூலம் மாற்ற முடியாது. எங்கள் தொலைக்காட்சிகளோ கெமராவைத் தூக்கிக்கொண்டு போவது வாக்கெடுப்பு நாளில்தான். அன்றைக்கு ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

ஆகவே பாராளுமன்ற இணையத்தளத்தில் சட்டமூலங்கள் என்றிருக்கும் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மூன்று மொழியிலும் இருக்கும். சபை கூடும் வாரங்களில் ஒழுங்குப் பத்திரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

மட்டக்களப்பு: நான் சட்டம் படிக்கும் மாணவன். உயர் நீதிமன்றம் அத்தனை இடத்தில் திருத்தச் சொன்ன ஒரு சட்டமூலம் 108 வாக்குடன் எப்படி நிறைவேறியது?

தம்பி, நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டமூலத்துக்கு எதிராக 45 மனுக்கள் போயின. நீதிமன்றத்தின் தீர்மானம் 2023 நவம்பர் 7ஆம் திகதி சபைக்கு அறிவிக்கப்பட்டது. 57 வாசகங்கள், அதாவது பிரிவுகள், கொண்ட சட்டமூலத்தில் 31 வாசகங்கள் இப்போதிருக்கும் வடிவில் போனால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், நாங்கள் சொல்கிறபடி திருத்தினால் சாதாரண பெரும்பான்மை போதும் என்பதுதான் அதன் சாரம். பாதிக்கு மேல் பழுது என்று நீதிமன்றமே சொன்ன ஒரு ஆவணத்தைத் திருப்பி எடுத்து, ஆறப்போட்டு, புதிதாக வரைந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குழுநிலையில் திருத்திக்கொள்கிறோம் என்றார்கள்.

இங்கேதான் அந்த இரண்டு எண்கள் வருகின்றன. சாதாரண பெரும்பான்மை என்றால் அன்றைக்குச் சபையில் இருந்து வாக்களித்தவர்களில் கூடுதலானோர். மூன்றில் இரண்டு என்றால் அப்படியல்ல, வந்தவர் வராதவர் எல்லாரையும் சேர்த்து 225 பேரில் 150 பேர். ஜனவரி 23ஆம் திகதி விவாதத்தை நடத்துவதா வேண்டாமா என்பதற்கே எதிர்க்கட்சி வாக்கெடுப்புக் கேட்டது. நடத்தலாம் என்று 83, வேண்டாம் என்று 50. மறுநாள் இரண்டாம் வாசிப்பில் ஆதரவாக 108, எதிராக 62. கூட்டினால் 170. மீதி 55 பேர், அதாவது நாலில் ஒருவர் அளவில், நாட்டில் யார் எதை எழுதலாம் என்று தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் இல்லை. சபாநாயகர் ஆசனத்தில் இருப்பவரைக் கழித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு என்ன வேலை என்று உங்கள் தொகுதிக்காரரைக் கேளுங்கள்.

108 ஒருபோதும் 150 ஆகாது. ஆகவே நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் ஏறியிருந்தால்தான் அந்த 108 செல்லும். ஏறியதா என்பதுதான் பிறகு வந்த சண்டை. குழுநிலை என்பது பேருக்குத்தான் குழு, உண்மையில் சபை முழுவதுமே குழுவாக மாறி வாசகம் வாசகமாகப் போவது. அமைச்சர் திருத்தத்தை முன்மொழிவார், தவிசாளர் கேட்பார், ஆம் என்று குரல் வரும், அடுத்த வாசகம். நேரில் பார்த்தால், மாலை மயங்கும் நேரத்தில் மளிகைக்கடைக் கணக்குச் சரிபார்ப்பது போல அத்தனை வேகம். கையில் இருக்கும் திருத்தத் தாளில் எது நீதிமன்றம் சொன்னது, எது அமைச்சு தானாகச் சேர்த்தது, எது விடுபட்டது என்று ஒப்பிட வேண்டுமானால் மூன்று ஆவணங்களை, அதாவது மூலச் சட்டமூலம், நீதிமன்றத் தீர்மானம், திருத்தத் தாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதற்கு எம்.பி.மாருக்கு நேரமும் கொடுக்கப்படவில்லை, பெரும்பாலானோர் கேட்கவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த சிலரில் அப்போது யாழ்ப்பாண மாவட்ட எம்.பி.யாக இருந்த எம்.ஏ. சுமந்திரன் ஒருவர். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் பார்த்தது. சில திருத்தங்கள் சட்டத்தில் இல்லை என்று ஆணைக்குழு சபாநாயகருக்கே எழுதியது.

உங்களுக்கு ஒரு யோசனை. பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அந்த மூன்று ஆவணத்தையும் எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். விரிவுரைக் குறிப்பை விட அதில் கூடுதலாக விளங்கும்.

ஹற்றன்: இந்தச் சட்டத்தில் ரணில் விக்கிரமசிங்க கையெழுத்திடாமல் விட்டிருக்கலாமே?

அவர் கையெழுத்திடவே இல்லை. எங்கள் நாட்டில் ஒரு சட்டமூலம் சட்டமாவது, இது முறைப்படி நிறைவேறியது என்று சபாநாயகர் எழுதிக் கையெழுத்திடும் சான்றுரையால். சர்வசன வாக்கெடுப்புக்குப் போய் வென்ற சட்டமூலத்துக்கு மட்டும்தான் ஜனாதிபதியின் சான்றுரை. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் அப்போதைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன 2024 பெப்ரவரி 1ஆம் திகதி சான்றுரை எழுதினார், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஆனது. இந்திய சினிமா செய்தியும் இந்திய அரசியல் செய்தியும் பார்த்துப் பார்த்து, இங்கேயும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றொன்று இருப்பதாக எங்கள் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது.

வவுனியா: திருத்தம் விடுபட்டது உண்மையென்றால் சபாநாயகரின் சான்றுரை பிழை. பிழை என்றால் நீதிமன்றம் போகலாம்தானே?

போனார்கள். சுமந்திரன் மனுப் போட்டார், பெப்ரவரி இறுதியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம் புதிதல்ல. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் உபபிரிவு சொல்வது, சான்றுரை எழுதப்பட்டுவிட்டால் அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்க முடியாது. 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதை இரண்டு தரம் வாசியுங்கள். அதாவது நீதிமன்றம் திருத்து என்று சொன்னதைத் திருத்தாமலே சான்றுரை எழுதினாலும், அதே நீதிமன்றம் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மிஞ்சியது அரசியல் வழி. எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. மார்ச் மாதம் மூன்று நாள் விவாதம் நடந்து 21ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவாக 75, எதிராக 117. சட்டத்துக்கு 108 பேர் வந்தார்கள், சபாநாயகரைக் காப்பாற்ற 117 பேர் வந்தார்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது அந்த வாக்கெடுப்பில் அல்ல, அது எதிர்பார்த்ததுதான். சபாநாயகர் சான்றுரை எழுதும் முன், நீதிமன்றத் தீர்மானம் முழுதாகப் பின்பற்றப்பட்டதா என்று ஒரு சுயாதீனமான ஆள் பார்த்து எழுத்தில் தர வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாதது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனைப்படி நடந்தோம் என்பார்கள். சட்டமா அதிபர் அரசின் சட்ட ஆலோசகர். நீதிமன்றத்தில் அந்தச் சட்டமூலத்துக்காக வாதாடியவரும் அவர் தரப்புத்தான்.

சென்னை: இலங்கை இதழ் என்றாலும் இணையத்தில் தவறாமல் படிக்கிறேன். எங்கள் ஊரில் நிலைமை எவ்வளவோ மேல் என்று சொல்லலாமா?

ஒரு விஷயத்தில் மேல், சந்தேகமில்லை. உங்கள் உச்ச நீதிமன்றம் (நாங்கள் உயர் நீதிமன்றம் என்பது உங்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம், குழம்ப வேண்டாம்) நிறைவேறி ஆண்டுகள் கழிந்த சட்டத்தையும் தூக்கி எறியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2008 டிசம்பரில் அமளிக்கு நடுவே விவாதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் நிறைவேறியது. முகநூலில் எதையோ போட்டார்கள் என்று பலர் அதில் கைதானார்கள். 2015 மார்ச் 24ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. இங்கே அப்படி ஒரு நாள் வரவே முடியாது. நாடாளுமன்றமே மனம் மாறித் திருத்தினால்தான் உண்டு.

ஆனால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு உங்கள் ஊரில் ஆபத்தாகவும் முடிகிறது. 66ஏ நடைமுறையில் இருந்த அந்த ஐந்தாறு ஆண்டில் உள்ளே போனவர்களுக்குத் தீர்ப்பு வந்து என்ன பயன்? இன்னொன்று, ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதா. இங்கே எங்கள் சட்டமூலம் பற்றிய நீதிமன்றத் தீர்மானம் சபைக்கு வந்த அதே மாதம், 2023 நவம்பரில், அதன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டார்கள். சரி, நல்ல நடைமுறை. 2024 நடுப்பகுதியில் இன்னொரு வரைவு வந்தது, அது பொதுவெளிக்கு வரவில்லை, தேர்ந்தெடுத்த சிலர் கையில் மட்டும், யார் பிரதி கசிகிறது என்று கண்டுபிடிக்க நீர்க்குறியோடு. யூடியூபில் தனியாக நின்று நாட்டு நடப்புப் பேசுகிறவரையும் ஒளிபரப்பாளர் கணக்கில் கொண்டுவரும் வரைவு அது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓகஸ்டில் கொடுத்த பிரதிகளைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டு, பழைய நவம்பர் வரைவுக்கே கருத்துச் சொல்லும் காலத்தை ஒக்டோபர் 15 வரை நீட்டினார்கள். நாடாளுமன்றப் படியேறாமலே ஒரு மசோதா பின்வாங்கியது. அது நீதிமன்றத்தால் நடந்ததல்ல, வரைவு நிலையிலேயே சிலர் உட்கார்ந்து படித்ததால் நடந்தது.

திருகோணமலை: தமிழ்ப் பிரதியைப் படித்தால் போதுமா, சிங்களமும் பார்க்க வேண்டுமா?

படிக்கத் தமிழ் போதும். வழக்கென்று வந்தால் போதாது. எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவை எடுத்துப் பாருங்கள், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு வரி இருக்கும். நிகழ்நிலைச் சட்டத்துக்கு என்று தனியாகப் போட்டதல்ல, சட்டத்துக்குச் சட்டம் வரும் வழமையான வாசகம். ஆகவே ஒரு சொல்லில் உங்கள் தலை தங்கியிருக்கிறது என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் பேசியதை அப்படியே பதியும் ஹன்சாட் மட்டும் வேறு மாதிரி, யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். விவாதத்தில் எங்கள் உறுப்பினர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதை அறிய அது நல்ல இடம்.

வெள்ளவத்தை: சிறிதாக ஒரு யூடியூப் சனல் நடத்துகிறேன். என்ன சொன்னால் மாட்டுவேன் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

நேரடியாகச் சொல்ல முடிந்தால் அது நல்ல சட்டம் என்று நானே எழுதியிருப்பேன்.

12ஆம் பிரிவைப் பாருங்கள். பொய்யான கூற்றொன்றை இணையத்தில் பரப்பி அதனால் தேசிய பாதுகாப்புக்கோ, பொதுச் சுகாதாரத்துக்கோ, பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் வந்தால், அல்லது மக்கள் பிரிவுகளுக்கிடையே பகை மூண்டால் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. பொய்யான கூற்று என்றால் என்ன? எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் பொருள்கோடல் பிரிவைப் படியுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான். அங்கே, சொல்பவரே பிழை அல்லது உண்மையல்ல என்று அறிந்து அல்லது நம்பி, ஏமாற்றும் நோக்கில் சொல்வது என்றிருக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்லும் எச்சரிக்கையும் அபிப்பிராயமும் இதில் சேராது என்றும் இருக்கிறது. இது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். உங்களுக்கே பொய் என்று தெரிந்து சொன்னீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது அவர்கள்.

ஆறுதல் அத்தோடு சரி. ஏனென்றால் உங்களைப் போன்ற சனலுக்கு நடக்கப்போவது வழக்குத் தீர்ப்பல்ல, அதற்கு வெகு முன்னால் வரும் அறிவித்தல். சட்டம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை வைக்கிறது. முறைப்பாடு வந்தால் அந்த ஆணைக்குழு குறிப்பிட்ட பதிவை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் அனுப்பலாம், உங்களுக்குக் கிடைப்பது 24 மணித்தியாலம். நிறுத்தாவிட்டால் இணையச் சேவை வழங்குநருக்கும் தளத்துக்கும் போகும், நீதவான் நீதிமன்றத்துக்கும் போகும். நீங்கள் ஐந்து ஆண்டுச் சிறையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நடைமுறையில் பெரும்பாலான சிறு சனல்கள் அந்த 24 மணித்தியாலத்துக்குள் காணொளியைத் தாங்களே கழற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும், எந்த நீதிபதியும் அதைப் பார்க்காமலே விஷயம் முடியும். மாநகரசபை ஊழல், காணிப் பிரச்சினை, ஏதோ ஒரு வைத்தியசாலையில் மருந்தில்லை என்று பேசுகிற உள்ளூர்ச் சனல்களுக்குத்தான் இது முதலில் வலிக்கும். சட்டத்தரணியைக் கையோடு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அவ்வளவாக அல்ல.

அந்த ஐந்து பேரை முதலில் ஜனாதிபதியே தன் விருப்பப்படி நியமிப்பதாகத்தான் சட்டமூலத்தில் இருந்தது. உயர் நியமனங்களைப் பரிசீலிக்கும் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்று மாறியது நீதிமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு. 45 மனுவில் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிந்த பலன் என்று இதைச் சொல்வேன். உங்களுக்கு என் யோசனை: ஆதாரங்களைத் திகதியோடு சேமித்து வையுங்கள், அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். மற்றதற்கு ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம்.

ஸ்காபரோ: நான் இப்போது கனேடியப் பிரஜை. எனக்கு இதெல்லாம் பொருந்தாதுதானே?

பொருந்தும். நாட்டுக்கு வெளியே இருந்து செய்தாலும் குற்றம் என்கிறது சட்டம். அங்கே வந்து பிடிப்பது வேறு கதை, விடுமுறைக்குக் கட்டுநாயக்கவில் வந்திறங்குகிறீர்களே, அதை யோசியுங்கள். ஆனால் அடுத்த சட்டமூலத்துக்கு எதிராக மனுப் போட உங்களுக்கு உரிமை இல்லை, அது குடிமக்களுக்கு மட்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் மனுப் போடலாம்.

புத்தளம்: நீங்கள் எல்லாரும் ஊடகச் சுதந்திரம் என்கிறீர்கள். என் தங்கையின் படத்தை எடுத்து அசிங்கமாகப் போட்டார்கள், நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். சட்டம் வேண்டாமா?

வேண்டும் சகோதரி, கட்டாயம் வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையல்ல. உங்கள் தங்கைக்கு நடந்ததைப் போன்றவற்றுக்கும், சிறுவர் துஷ்பிரயோகத்துக்கும், பிறர் பெயரில் கணக்குத் திறந்து ஏமாற்றுவதற்கும் இந்தச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. சட்டமூலத்தை ஆதரித்துப் பேசிய அரசாங்க எம்.பி.மார் நாள் முழுக்கச் சொன்னதும் இவற்றைத்தான்.

என் சண்டை அந்தப் பிரிவுகளோடு அல்ல. உங்கள் தங்கையின் படத்தையும், அமைச்சரின் மருந்துக் கொள்வனவைப் பற்றிய செய்தியையும் ஒரே சட்டத்தில், ஒரே ஆணைக்குழுவின் கீழ், ஒரே 24 மணித்தியாலத்தில் வைத்ததோடு. தனிப்பட்ட படத்தைக் கழற்ற 24 மணித்தியாலம் என்பதே நீளம், செய்தியைக் கழற்ற அது மிகக் குறுகியது. இரண்டையும் தனித்தனிச் சட்டமாகக் கொண்டுவந்திருந்தால் முதலாவதற்கு 225 பேரும் வாக்களித்திருப்பார்கள். இரண்டாவதற்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் சேர்த்துக் கட்டினார்கள். இது என் ஊகம்தான், ஆனால் பொதுசன எழுச்சி நடந்து ஒரு ஜனாதிபதி ஓடி ஒன்றரை ஆண்டளவில் இந்தச் சட்டம் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய ஊகமும் இல்லை.

நல்லூர்: ஊடகம் பற்றிய நல்ல சட்டமென்று ஒன்றுகூட இந்த நாட்டில் வந்ததில்லையா?

வந்திருக்கிறது. 2002இல் குற்றவியல் அவதூறைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்தார்கள். அதற்கு முன் பத்திரிகை ஆசிரியர்களைச் சிறைக்கு அனுப்பும் வழி அது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் கதை நீளமானது: முதல் வரைவு 2004இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு போயிற்று, 2011இல் கரு ஜயசூரிய தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்ததை ஆளுங்கட்சி தோற்கடித்தது, கடைசியில் 2016 ஜூன் 24ஆம் திகதி வாக்கெடுப்பே இல்லாமல் எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றினார்கள். நல்ல சட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, மற்றதற்கு நான்கு மாதம்.

1997ஐயும் சொல்ல வேண்டும். ஊடகச் சுதந்திரம் தருவோம் என்று 1994இல் ஆட்சிக்கு வந்த சந்திரிகா அரசு, ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசின் பிடியிலிருந்து விலகி நிற்கும் சுயாதீனம் இல்லாத அதிகாரசபை அலைவரிசைகளைக் கட்டுப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்துக்கு ஒவ்வாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அரசாங்கம் அதை விட்டுவிட்டது. அப்போதும் நிறைவேறும் முன் மனுப் போட்டவர்கள் இருந்ததால்தான்.

பேராதனை: ஆட்சி மாறிவிட்டதே. நிகழ்நிலைச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களே இப்போது அரசாங்கம். இனியும் பயப்பட வேண்டுமா?

2024 பெப்ரவரியிலேயே, சான்றுரையின் மை காயுமுன், இதற்குத் திருத்தம் கொண்டுவரப் பழைய அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. நிறைவேற்றி மூன்று வாரத்தில் திருத்தம். செப்டெம்பரில் ஜனாதிபதி மாறினார், நவம்பரில் பாராளுமன்றம் மாறியது. சட்டம் மாறிய ஆட்சியோடு தானாகப் போய்விடவில்லை. மாற்றுவோம் என்று சொன்னவர்கள் எந்த வாசகத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்பதைத் திருத்தச் சட்டமூலத்தில் பார்ப்போம், மேடையில் வேண்டாம்.

ஆனால் நான் கவனிப்பது வேறொன்றை. இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம். மேலே மட்டக்களப்புத் தம்பிக்குச் சொன்ன கணக்கை இப்போது திருப்பிப் போடுங்கள். பழைய அரசாங்கத்தால் 150ஐ எட்ட முடியாது, அதனால் நீதிமன்றம் சொன்னதைக் கேட்பதாகவாவது காட்ட வேண்டியிருந்தது, 31 வாசகங்களைத் திருத்துவது பேச்சுக்கு வந்தது அதனால்தான். இனி ஒரு ஊடகச் சட்டமூலம் கருத்துச் சுதந்திரத்துக்கு, அதாவது 14ஆம் உறுப்புரைக்கு, முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தாலும், 'மூன்றில் இரண்டு வேண்டுமா, இதோ' என்று ஒரு அரசாங்கம் எடுத்து வைக்கலாம். சர்வசன வாக்கெடுப்புக்குப் போகவேண்டிய உறுப்புரைகளை 83ஆம் உறுப்புரை பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. சிந்தனைச் சுதந்திரம் சொல்லும் 10ஆம் உறுப்புரை அதில் இருக்கிறது. பேச்சு, எழுத்துச் சுதந்திரம் சொல்லும் 14 அதில் இல்லை. மனதுக்குள் நினைப்பதைத் தடுக்க நாட்டு மக்களின் வாக்கும் வேண்டும், அதை வெளியே சொல்லாமல் தடுக்க 150 போதும்.

இவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடியும் என்கிறேன், அடுத்த முறை 150ஐத் தாண்டி வருகிற வேறு யாராலும் முடியும். 14ஐயும் 83இன் பட்டியலில் சேர்ப்பீர்களா என்று புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருகிற அடுத்த அமைச்சரைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இதே பகுதியில் போடலாம்.